‘தனிமைப்படுத்தல்’ என்ற ஒற்றைச் சொல்: பெருந்தொற்றுக் காலத்தில் அரசு நம்மோடு பேசிய மொழி

2020 மார்ச் மாதத்தின் கடைசி நாட்கள். நாடு முழுக்க ஊரடங்கு. எங்கள் தெருவுக்குள் ஒலிபெருக்கி கட்டிய வாகனமொன்று மெதுவாக ஊர்ந்து வந்தது. பதிவு செய்யப்பட்ட குரல். முதலில் சிங்களம், பின்னால் தமிழ். தனிமைப்படுத்தல் சட்டவிதிகளை மீறுகின்றவர்களுக்கு எதிராகக் கடுமையான சட்ட நடவடிக்கை மேற்கொள்ளப்படும் என்பதனை இத்தால் அறியத்தருவதாகச் சொல்லிவிட்டு வாகனம் போய்விட்டது. பக்கத்து வீட்டு உம்மா வேலியோரமாக வந்து கேட்டார்: “என்ன மகன் சொல்லிட்டுப் போறானுகள்? ஆரைப் புடிக்கப் போறானுகளாம்?”

அன்றைக்கு அஸருக்குப் பிறகு பள்ளி ஒலிபெருக்கியில் மோதினார் பேசினார். “ஊட்டுலேயே தொழுதுக்கங்க. வயசாளிகள வெளிய உடாதீங்க. ஆருக்காச்சும் காச்சல், இருமல் இருந்தா மறைக்காதீங்க. பள்ளிக்குக் கோல் எடுங்க, நாங்க பீ.எச்.ஐ.க்குச் சொல்றோம்.” அவ்வளவுதான். அதற்கு விளக்கம் கேட்டு யாரும் வேலியோரம் வரவில்லை.

இரண்டு அறிவித்தல்களும் ஒரே நோயைப் பற்றியவை. இரண்டும் ஒரே சனத்துக்குச் சொல்லப்பட்டவை. ஒன்று நடந்தது, மற்றது நடக்கவில்லை. ஏன் என்று கேட்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. கவிதையையும் சிறுகதையையும் நாம் விமர்சனம் செய்கிறோம். சொல் சரியா, யாருக்காக எழுதப்பட்டது, எதை மறைக்கிறது என்றெல்லாம் கேட்கிறோம். அரசாங்கத்தின் சுகாதார அறிவித்தலும் ஒரு பிரதிதான். உயிர் அதில் தங்கியிருக்கிறது என்பதால் கதை, கவிதையை விடக் கூடுதலான கவனத்தோடு அதை வாசிக்க வேண்டும். ஆனால் நாம் அதை அப்படி வாசித்ததே இல்லை.

சொற்கள்

முதலில் ‘தனிமைப்படுத்தல்’. மருத்துவத்தில் இரண்டு வெவ்வேறு செயல்கள் இருக்கின்றன. நோயாளியோடு பழகியவர், ஆனால் இன்னும் நோய் வராதவர். அவருக்கு நோய் வருகிறதா என்று குறித்த நாட்களுக்குப் பார்த்திருப்பது ஒன்று. நோய் உறுதியானவரை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைப்பது இன்னொன்று. சிங்களத்தில் முதலாவதுக்கு ‘நிரோதாயன’ என்ற சொல் பழக்கத்துக்கு வந்தது. பிரித்து வைப்பதற்கும் பிரதேசங்களை மூடுவதற்கும் ‘ஹுதகலா’ என்றார்கள். தமிழில் இரண்டுக்கும் ‘தனிமைப்படுத்தல்’ என்ற ஒரே சொல்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவர் முகாமில் தனிமைப்படுத்தப்பட்டார். நோயாளி தனிமைப்படுத்தப்பட்டார். கிராமம் தனிமைப்படுத்தப்பட்டது. பிறகு ஊரடங்குக்கும் அதே பெயர்: ‘தனிமைப்படுத்தல் ஊரடங்கு’.

இது வெறும் மொழிபெயர்ப்புக் குறை என்று விட்டுவிட முடியாது. ஒரு வீட்டின் சுவரில் ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என்ற தாள் ஒட்டப்பட்டால், தெருவால் போகிறவர் என்ன நினைப்பார்? அந்த வீட்டில் நோய் இருக்கிறது என்றுதான். உள்ளே இருப்பவருக்கு நோய் இல்லை, முன்னெச்சரிக்கைக்காக இருக்கிறார் என்பதைச் சொல்ல அந்தச் சொல்லுக்கு வழியில்லை. கடைக்காரர் சாமான் கொடுக்கத் தயங்கினார். பால்காரர் வேறு தெருவால் போனார். அதைப் பார்த்த அடுத்த வீட்டுக்காரர், தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது வாய் திறக்கவில்லை. ஒரு சொல்லின் மயக்கம் நோயை மறைக்கக் காரணமாகிவிட்டது. ‘தடைகாப்பு’ என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. தாவரங்களையும் விலங்குகளையும் பற்றிப் பேசும்போது துறைசார்ந்தவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். செடிக்குக் கிடைத்த சொல் மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது ‘சமூக இடைவெளி’. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச் பிற்பகுதியில் இதன் ஆங்கில மூலத்தைக் கைவிட்டு, உடல் ரீதியான இடைவெளி என்று பேசத் தொடங்கியது. உடலால் தள்ளியிருங்கள், உறவால் தள்ளியிருக்க வேண்டாம் என்பது அதன் கருத்து. நம்முடைய சுவரொட்டிகளிலோ கடைசிவரை ‘சமூக இடைவெளி’தான் தொங்கியது. இந்த நாட்டில் ‘சமூகம்’ என்றால் என்ன அர்த்தம்? முஸ்லிம் சமூகம், சிங்கள சமூகம், தமிழ் சமூகம் என்றுதான் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு முஸ்லிம் கடைக்குப் போகாதே, முஸ்லிம் டாக்டரிடம் போகாதே என்ற பேச்சைக் கேட்டு ஒரு வருடம்கூட ஆகாத காலம். அந்தக் காதுகளில் ‘சமூக இடைவெளி’ எப்படி விழுந்திருக்கும்? ‘ஒரு மீற்றர் தள்ளி நில்லுங்கள்’ என்று எழுதியிருந்தால் போதுமாக இருந்தது.

மூன்றாவது ‘கொத்தணி’. மினுவாங்கொடைக் கொத்தணி, பேலியகொடை மீன்சந்தைக் கொத்தணி, அக்கரைப்பற்றுக் கொத்தணி. தொற்று எங்கே திரண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் விஞ்ஞானிக்கு இந்தச் சொல் தேவை. ஊடகத்தின் வாயில் வந்தபோது அது ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பட்டமாகிவிட்டது. 2020 பெப்ரவரியிலேயே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் செஞ்சிலுவைச் சங்கங்களின் சம்மேளனமும் சேர்ந்து ஒரு வழிகாட்டி வெளியிட்டிருந்தன. நோயை இடத்தோடும் இனத்தோடும் சேர்த்துப் பேசாதீர்கள், நோயாளி நோயைப் ‘பரப்பினார்’ என்று சொல்லாதீர்கள், அவருக்கு நோய் ‘ஏற்பட்டது’ என்று சொல்லுங்கள் என்று அது கேட்டது. மார்ச் இறுதியில் அட்டுலுகமவும் அக்குறணையும் மூடப்பட்டபோது நம்முடைய தொலைக்காட்சிகளில் சில எப்படிப் பேசின என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வழிகாட்டியை ஒரு செய்தி ஆசிரியராவது மேசையில் வைத்திருந்திருக்கலாம்.

யாருடைய குரல்

பள்ளி ஒலிபெருக்கி ஏன் வென்றது? மோதினார் நன்றாகப் பேசக் கூடியவர் என்பதாலல்ல. அவர் சொன்னதை முதலில் அவரே செய்தார். மார்ச் நடுப்பகுதியிலேயே ஜம்இய்யத்துல் உலமா சபை ஜும்ஆவையும் ஜமாஅத் தொழுகையையும் நிறுத்தும்படி கேட்டுக்கொண்டது. எந்த மனிதன் ஐந்து வேளை எல்லாரையும் பள்ளிக்குக் கூப்பிட்டானோ, அதே மனிதன் அழுதுகொண்டு ‘வராதீங்க’ என்று சொன்னான். அதில் இழப்பு இருந்தது. தானும் ஒன்றை இழந்துகொண்டு பேசுகிறவரின் சொல்லுக்கு எடை இருக்கும்.

அதற்கு நம் வரலாற்றில் முன்மாதிரியும் உண்டு. ஹிஜ்ரி 18இல் ஷாமில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரழி) அவர்கள் ஸர்ஃ என்ற இடம்வரை வந்து திரும்பிப் போன சம்பவத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பயான்களில் அதைக் கொள்ளைநோய் பற்றிய ஹதீஸுக்கு முன்னுரையாக மட்டுமே சொல்வார்கள். அதை ஒரு தொடர்பாடல் பாடமாக வாசித்துப் பாருங்கள். கலீஃபா முதலில் முஹாஜிர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார், அவர்கள் இரண்டு பட்டுப் பேசுகிறார்கள். அன்ஸாரிகளைக் கேட்கிறார், அவர்களும் அப்படியே. பிறகு குறைஷி மூத்தவர்களைக் கேட்கிறார், அவர்கள் திரும்பச் சொல்கிறார்கள். முடிவு அறிவிக்கப்படுகிறது. அபூ உபைதா (ரழி) எல்லார் முன்னிலையிலும் மறுத்துக் கேட்கிறார்: அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள்? உமர் அவரைத் தண்டிக்கவில்லை, வாயை மூடச் சொல்லவுமில்லை. ஒட்டகம் மேய்க்கிறவனுக்கு விளங்கும் உதாரணத்தைச் சொல்கிறார். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி என்றால் எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது விதிக்குள் அடங்கியதுதான் என்று விளக்குகிறார். அதன் பிறகுதான் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) வந்து நபிமொழியைச் சொல்கிறார்.

ஆலோசனை, பகிரங்கமான கருத்து வேறுபாடு, காரணம் சொல்லல், கேட்பவனின் வாழ்க்கையிலிருந்து எடுத்த உதாரணம். இன்றைய சுகாதாரத் தொடர்பாடல் பாடநூல்கள் கேட்பதும் இந்த நான்கையும்தான். 2020இல் நம் அரசு செய்யாமல் விட்டதும் இந்த நான்கையும்தான்.

நம்முடைய பக்கத்தையும் மறைக்கக் கூடாது. சீனாவில் நோய் பரவிய ஆரம்ப நாட்களில், அது உய்குர் முஸ்லிம்களுக்குச் செய்த அநியாயத்துக்காக இறங்கிய அல்லாஹ்வின் படை என்று சந்தோஷத்தோடு பகிர்ந்த குரல் பதிவுகள் நம் கைபேசிகளில் சுற்றவில்லையா? ஐந்து வேளை வுளூச் செய்கிறவனுக்கு இது வராது என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? கருஞ்சீரகமும் தேனும் இருந்தால் முகக்கவசம் எதற்கு என்று கேட்டவர்கள்? பின்னர் தடுப்பூசி வந்தபோது ‘அதுல என்ன கலந்திருக்கோ’ என்று ஊரைக் குழப்பியவர்கள்? வுளூ கையைக் கழுவுகிறது, அது நல்ல பழக்கம். ஆனால் மூச்சுக்காற்றால் வரும் கிருமிக்கு அது கவசமல்ல. இதைத் தெளிவாகச் சொல்ல மிம்பருக்கு ஏறிய ஹஸ்ரத்மார் இருந்தார்கள், சொல்லாமல் நழுவியவர்களும் இருந்தார்கள். அரசின் மொழியை விமர்சிக்கும் நாம் நம் மிம்பரின் மொழியையும் அதே தராசில் நிறுக்க வேண்டும்.

ஒரு வர்த்தமானியை வாசித்தல்

இனி நம் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருக்கும் பிரதிக்கு வருவோம்.

2020 மார்ச் 24ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொவிட் நோயால் இறந்தவர்களின் உடலைக் கையாள்வது பற்றிய இடைக்கால வழிகாட்டியை வெளியிட்டது. தொற்றுநோயால் இறந்தவரை எரிக்கத்தான் வேண்டும் என்பது பரவலான, ஆனால் தவறான நம்பிக்கை என்று அது தெளிவாகவே சொன்னது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம். அது கலாசாரத் தெரிவும் வசதியும் சார்ந்த விடயம் என்றது. நம் சுகாதார அமைச்சின் ஆரம்ப வழிகாட்டியும் இரண்டுக்கும் இடம் வைத்திருந்தது. மார்ச் 30ஆம் திகதி நீர்கொழும்பில் இறந்த முஸ்லிம் ஒருவரின் ஜனாஸா எரிக்கப்பட்டது. மறுநாள் வழிகாட்டி மாற்றப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி, 2170/8 இலக்க அதிவிசேட வர்த்தமானி மூலம் எரிப்பது சட்டமானது.

அந்த ஒழுங்குவிதியை ஒரு பிரதியாக வாசியுங்கள். உடல் 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில், குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம்வரை எரிக்கப்பட வேண்டும் என்கிறது. உடலை யார் தொடலாம், யார் தொடக் கூடாது, சாம்பல் கேட்டால் யாருக்குக் கொடுக்கலாம் என்பதெல்லாம் இருக்கிறது. வெப்பநிலைக்கு இலக்கம் உண்டு, நேரத்துக்கு இலக்கம் உண்டு. ஏன் என்ற கேள்விக்கு மட்டும் ஒரு வரியும் இல்லை.

சட்டப் பிரதிகள் காரணம் சொல்வதில்லை என்று ஒருவர் வாதிடலாம். சரி. அப்படியென்றால் காரணம் வேறெங்காவது சொல்லப்பட்டிருக்க வேண்டும். சொல்லப்பட்ட காரணம் நிலத்தடி நீர். உடலிலிருந்து கிருமி மண்ணுக்குள் இறங்கி, கிணற்றுக்குப் போய், குடிக்கிறவருக்கு நோய் வரும் என்றார்கள். கிருமி பெருக உயிருள்ள கலம் வேண்டும். உடல் இறந்த பிறகு அது பெருகாது. இது சுவாச வழியால் தொற்றும் நோய். இறந்தவர் மூச்சுவிடுவதில்லை. ஹொங்கொங்கில் பணியாற்றும், உலகம் மதிக்கும் நம் நாட்டு வைரஸ் நிபுணர் பேராசிரியர் மலிக் பீரிஸ் இந்த நீர்க்கதையை ஏற்க முடியாது என்று பகிரங்கமாகச் சொன்னார். நோயாளிகள் உயிரோடிருக்கும்போது கழிக்கும் மலசலம் கழிவுநீரில் கலந்துகொண்டேதான் இருந்தது. நீரைப் பற்றிய பயம் உண்மையானதென்றால் முதலில் மூட வேண்டியது மலசலகூடங்களைத்தான். இந்தச் சாதாரணக் கேள்வியைக் கேட்க விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்: நிபுணர் குழு சொல்லிவிட்டது.

‘நிபுணர் குழு’ என்ற சொல்லையும் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். விஞ்ஞானத்தில் நிபுணர் என்பவர் தன் ஆதாரத்தை மற்றவர் சோதிக்கும்படி மேசையில் வைப்பவர். இங்கே அந்தச் சொல் கேள்வியை மூடும் கதவாகப் பயன்பட்டது. 2020 டிசம்பர் கடைசியில் பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான குழு அடக்கவும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. சமூக மருத்துவர்களின் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் அதே கருத்தை வெளியிட்டன. அதன் பிறகும் எரிப்பது தொடர்ந்தது. அப்படியானால் நிபுணரின் சொல்லே முடிவு என்ற வாதமும் பொய்யாகிப் போனது. தேவையான பதிலைச் சொல்லும் நிபுணரே நிபுணர்.

மேற்கு ஆபிரிக்காவில் நடந்தது

இப்படித்தான் நடக்க வேண்டும் என்றில்லை. 2014இல் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா பரவியபோது, இறந்த உடல் உண்மையிலேயே ஆபத்தானதாக இருந்தது. எபோலா உடல் திரவங்களால் தொற்றுவது. தொற்றுகளில் குறைந்தது ஐந்தில் ஒன்று அடக்கச் சடங்குகளின்போது ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் அப்போது மதிப்பிட்டது. ஆரம்பத்தில் அங்கும் அதிகாரிகள் உடலை எடுத்துப்போய்த் தங்கள் பாட்டில் முடித்தார்கள். சனம் நோயாளிகளை ஒளித்து வைத்தது. இரவில் இரகசியமாக அடக்கியது. நோய் கூடியது.

அந்த ஆண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம், இஸ்லாமிக் ரிலீஃப் உள்ளிட்ட முஸ்லிம், கிறிஸ்தவ நிறுவனங்களோடு உட்கார்ந்து பேசி, பாதுகாப்பானதும் கண்ணியமானதுமான நல்லடக்கத்துக்கான நடைமுறையை எழுதியது. முஸ்லிம் ஜனாஸாவுக்குக் குளிப்பாட்டுவதற்குப் பதிலாகத் தயம்மும், கபன் என்று படிப்படியாக எழுதிக் கொடுத்தார்கள். குடும்பத்தவர் தள்ளி நின்று பார்க்கலாம், துஆச் செய்யலாம். உடலைத் தொடக் கூடாது என்ற விதி அப்படியே இருந்தது, ஆனால் அந்த விதிக்குள் மனிதனுக்கு இடம் இருந்தது. அப்போதுதான் சனம் தொலைபேசியை எடுத்து ‘எங்கட வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார், வாருங்கள்’ என்று சொல்லத் தொடங்கியது.

எபோலா உடலையே கபனிட்டுக் கண்ணியமாக அடக்க வழி கண்ட உலகத்தில், கொவிட் உடலை அடக்கவே முடியாது என்று பத்து மாதம் நின்றது நம் நாடு. இந்த ஆவணம் ஆறு வருடத்துக்கு முன்னரே எழுதப்பட்டிருந்தது. அதைத் தூக்கி மேசையில் போட்டு, ‘இதோ நடைமுறை, இதை ஏற்றுக்கொள்கிறோம், நீங்கள் மேற்பார்வை செய்யுங்கள்’ என்று முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டியவர்களில் நம்முடைய தலைமைகளும் அடக்கம். நாம் உரிமையின் மொழியில் கேட்டோம், கண்ணீரின் மொழியில் கேட்டோம். பாதுகாப்பின் மொழியிலும் அதே உரக்கக் கேட்டிருக்கலாம்.

பயத்தின் பலன்

விளைவு என்ன? நோயை விட நெருப்புக்குச் சனம் பயந்தது. மூச்சு வாங்கிய வயோதிபர்கள் வைத்தியசாலைக்குப் போக மறுத்தார்கள். “போனா எரிச்சிப்போடுவானுகள் வாப்பா, உசிரு போனாலும் ஊட்டுலேயே போகட்டும்” என்ற வார்த்தையைக் கேட்காத முஸ்லிம் ஊர் இருந்ததா? பீ.சீ.ஆர். எடுக்க வந்தவர்களைக் கண்டு கதவைச் சாத்தியவர்களும் உண்டு. இது சுகாதாரத் துறையின் அடிப்படை நோக்கத்துக்கே எதிரானது. நோயாளி முன்வந்து சொல்ல வேண்டும், அதுதான் எந்தத் தொற்றுநோய்க் கட்டுப்பாட்டுக்கும் முதல் படி. 2021 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளர்களும் இதைத்தான் எச்சரித்தார்கள்: இந்த முடிவு ஏழைகளையும் பலவீனமானவர்களையும் பொதுச் சுகாதார சேவையிலிருந்து விரட்டும்.

2020 டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. சில நாட்களில், பிறந்து 20 நாளான ஒரு குழந்தை பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு கொழும்பு பொரளை கனத்தையின் வேலியில் வெள்ளைத் துணித்துண்டுகள் கட்டப்பட்டன. முஸ்லிம்கள் மட்டும் கட்டவில்லை, சிங்களவரும் தமிழரும் கட்டினார்கள். அதில் எழுத்தில்லை, சுலோகமில்லை. அந்தத் துணி கபனின் துண்டு என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வருடம் முழுவதும் நாட்டில் வெளியான எல்லா அறிவித்தல்களுக்குள்ளும் எல்லா மொழியினருக்கும் ஒரே மாதிரி விளங்கியது அந்த வேலியில் கிடந்த துணி ஒன்றுதான். இரவோடிரவாக அதையும் அவிழ்த்துவிட்டார்கள்.

இன்னொரு பக்கம், விஞ்ஞானத்தின் பெயரால் நம்மிடம் பேசிய அதே சுகாதார அமைச்சர் ஆற்றில் மந்திரித்த நீர்ப்பானைகளை விட்டார், கேகாலைப் பாணியைக் கமராக்களுக்கு முன்னால் குடித்தார். அந்தப் பாணிக்காக ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு மீற்றரை மறந்து முண்டியடித்தார்கள். அடுத்த மாதம் அமைச்சருக்கே தொற்று உறுதியானது. ஒருவரின் நோயைப் பரிகசிக்க இதைச் சொல்லவில்லை. ஒரே வாய் ஒரு சமூகத்துக்கு ‘விஞ்ஞானம் சொல்கிறது, எரி’ என்றும், இன்னொரு பக்கம் ‘நம்பிக்கை சொல்கிறது, குடி’ என்றும் பேசினால், கேட்கிறவன் எதை நம்புவான்? நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் அடுத்து வரும் உண்மையான எச்சரிக்கையும் சேர்ந்தே உடையும்.

கேட்பவனுக்குத் திருப்பிப் பேசவும் வழியில்லை. 2020 ஏப்ரல் முதலாம் திகதியே, கொவிட் பணியில் உள்ள அதிகாரிகளை விமர்சிப்பவர்கள் கைதாவார்கள் என்று பொலிஸ் அறிவித்துவிட்டது. பேனையாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போராட்டம் செய்வோம் என்று எழுதிய ரம்ஸி ராஸிக் அந்த மாதமே கைதாகி ஐந்து மாதத்துக்கு மேல் மறியலில் கிடந்தார். அந்தக் கைது சட்டவிரோதமானது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023ஆம் ஆண்டு வர வேண்டியிருந்தது. தொடர்பாடல் என்பது இரண்டு பக்கத்தாலும் போகும் பாதை. ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் அதற்குப் பெயர் கட்டளை.

இரணைதீவும் ஓட்டமாவடியும்

2021 பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி திருத்தப்பட்டு நல்லடக்கம் அனுமதிக்கப்பட்டது. பாகிஸ்தான் பிரதமர் வந்து போன மறுநாள். பத்து மாதம் நீரைப் பற்றிச் சொன்னதெல்லாம் என்னவாயிற்று என்று யாரும் விளக்கவில்லை. அடுத்த வாரம் ஜனாஸாக்களை அடக்க இரணைதீவைத் தெரிவுசெய்ததாக அறிவித்தார்கள். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து, போராடி 2018இல்தான் தங்கள் மண்ணுக்குத் திரும்பிய கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் வாழும் தீவு அது. அவர்கள் எதிர்த்தார்கள். அதை முஸ்லிம் வெறுப்பு என்று நம்மில் சிலர் அவசரமாக முடிவுகட்டினோம். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. நீருக்கு ஆபத்து என்று இத்தனை நாள் சொன்னது நீங்கள்தானே, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் தீவுக்கு ஏன் கொண்டு வருகிறீர்கள்? நம்மை எரிக்கச் சொல்லப்பட்ட பொய்தான் அவர்களையும் பயமுறுத்தியது. ஒரு பொய் இரண்டு சிறுபான்மைகளை எதிரெதிரே நிறுத்தப் பார்த்தது.

மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அடுத்த ஒரு வருடத்தில் அந்த மண் 3,600க்கும் மேற்பட்டவர்களை ஏற்றுக்கொண்டது. பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள். ஆனால் இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். அடக்க விரும்பியவர்கள் நாம் மட்டுமல்ல என்பதை எந்த அறிவித்தலும் நாட்டுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதை ‘முஸ்லிம் பிரச்சினை’ என்று முத்திரை குத்துவது அவ்வளவு இலகுவாக இருந்திருக்காது.

2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாய எரிப்பினால் பாதிக்கப்பட்ட எல்லாச் சமூகங்களிடமும் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. பாதுகாப்பான நல்லடக்கத்தால் நீருக்குக் கேடில்லை என்று பிந்திய ஆய்வுகள் உறுதிப்படுத்தியதாகவும் அந்த முடிவு சொன்னது. மன்னிப்பை நாம் சிறுமைப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அதையும் ஒரு பிரதியாக வாசித்தால், அதில் எழுவாய் இல்லை. யார் அந்தக் காரணத்தை உருவாக்கினார்கள், மாற்றுக் கருத்து வந்த பிறகும் யார் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ‘நடந்துவிட்டது’ என்பது மன்னிப்பின் மொழியல்ல. ‘நாங்கள் செய்தோம்’ என்பதே மன்னிப்பு.

அடுத்த முறைக்கு

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும் என்பது மட்டும் தெரியும். அப்போது இதே பிழைகளைச் செய்யாதிருக்கச் சில வேலைகள் இப்போதே இருக்கின்றன.

தமிழ் அறிவித்தல்கள் தமிழில் யோசித்து எழுதப்பட வேண்டும். சிங்களத்தில் முடித்து அனுப்பியதை இரவோடிரவாக மொழிபெயர்த்து ஒட்டக் கூடாது. தமிழ் இந்த நாட்டில் அரசகரும மொழி. நோய்க்காலத்தில் அது இரண்டாம் நாள் மொழியாக இருக்க முடியாது. தடைகாப்பு, தனிப்படுத்தல், முடக்கம் என்று வேறு வேறு செயல்களுக்கு வேறு வேறு சொற்களைச் சுகாதாரத் துறையும் மொழித் துறையும் இப்போதே தீர்மானித்துப் பாடசாலைகளிலும் புழக்கத்துக்கு விட வேண்டும்.

பீ.எச்.ஐ.யும் பள்ளி நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் ஒரே மேசைக்கு வரும் ஏற்பாடு நோய் வந்த பிறகு தேடுவதல்ல. கிழக்கின் பல ஊர்களில் பள்ளி நிர்வாகங்கள் உலருணவு கொடுத்து, நோயாளிகளை இனங்கண்டு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கை கொடுத்தன. அந்த அனுபவத்தை யாராவது எழுதி வைத்திருக்கிறோமா? நம் ஆய்வாளர்களுக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் இதை விட அவசரமான தலைப்பு எது?

ஜனாஸா நடைமுறையை நம் உலமாக்களும் மருத்துவர்களும் சேர்ந்து இப்போதே எழுதி, சுகாதார அமைச்சின் கையில் கொடுக்க வேண்டும். எந்த நோயில் குளிப்பாட்டலாம், எதில் தயம்மும், எதில் அதுவும் முடியாது, எத்தனை பேர் நிற்கலாம், கபுறின் ஆழம் என்ன என்று எல்லாம். நெருக்கடியில் ஓடிப்போய்க் கேட்பதை விட, தயாராக இருக்கும் காகிதத்துக்குப் பலம் அதிகம்.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு வேலை. வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவை அனுப்புமுன், சொன்னவர் யார், எங்கே படித்தார், எதற்காகச் சொல்கிறார் என்று கேட்கும் பழக்கம் வர வேண்டும். ஹதீஸ்களுக்கு அறிவிப்பாளர் வரிசை பார்த்த சமூகம் நாம். அந்த ஒழுங்கை மருந்துச் செய்திக்கு மட்டும் ஏன் தளர்த்தினோம்?

வேலியோரம் வந்து ‘ஆரைப் புடிக்கப் போறானுகளாம்’ என்று கேட்ட அந்த உம்மா இன்று உயிரோடில்லை. நோய் அவரைக் கொண்டுபோகவில்லை, வயது கொண்டுபோனது. ஊர் மையவாடியில்தான் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். அவர் கேட்ட கேள்வியோ இன்னும் பதிலில்லாமல் இருக்கிறது. நோயைப் பற்றிச் சொல்ல வந்த ஒரு குரல், ஒரு வயோதிப மனுஷியின் காதில் கைது செய்ய வந்த குரலாக விழுந்தது. அந்தக் காதில் பிழையில்லை.